மேடைப் புகைப் பொறி: அதன் இயல்பும் பராமரிப்பும்

 

தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா என்றதும் மங்கல விளக்கேற்றல், தமிழ்த்தாய் வணக்கம், மழலைகளின் அபிநயப் பாடல், நாட்டியம், நாடகம், பரிசளிப்பு ஆகியவையே நம் மனக்கண்முன் தோன்றும். மேடையின் ஓரத்தில், திரைச்சீலையின் மறைவில் இருந்துகொண்டு தன் பணியைச் செய்யும் ஒரு சிறு பெட்டியை எவரும் நினைப்பதில்லை. அதுவே மேடைப் புகைப் பொறி. முருகன் மயிலேறி வரும்போது மேகம் சூழ்வதும், வண்ண விளக்குகளின் ஒளிக்கதிர்கள் கோல் நாட்டினாற்போல் மேடையில் நிற்பதும் இப்பெட்டியின் உபயமே.

விழா மலரில் இப்பெட்டியைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என நீங்கள் வினவலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் வாடகை மண்டபமொன்றில் நடைபெற்ற விழாவில் நாட்டிய நாடகத்தின் இறுதிக் காட்சி நடந்துகொண்டிருந்தது. மென்மையாகப் பரவ வேண்டிய புகைக்குப் பதிலாகப் பொறி சூடான துளிகளைத் துப்பத் தொடங்கிற்று. மேடைப் பலகை வழுக்கியது. மயில் வேடமிட்ட எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி சறுக்கி விழுந்தாள். நல்ல வேளையாக முழங்காற் சிராய்ப்புடன் எழுந்து ஆடி முடித்தாள். மறுநாள் மின்தொழில் அறிந்த நண்பர் ஒருவர் பொறியைத் திறந்து பார்த்தார். உள்ளிருந்த மெல்லிய குழாயில் காய்ந்த பிசினும் சுண்ணாம்பும் படிந்திருந்தன. முந்திய விழா முடிந்ததும் பொறியைத் துப்புரவு செய்யாது நிலவறையில் வைத்தவனும், திரவம் குறைந்தபோது குழாய் நீரை ஊற்றி நிரப்பியவனும் இக்கட்டுரையாளனே.

அன்று கற்ற பாடம் இதுதான்: அப்பெட்டியினுள் நாம் எதை ஊற்றுகின்றோமோ, அதையே சிறிது நேரத்தின் பின் நம் பிள்ளைகள் மூச்சாக உள்ளெடுக்கின்றனர், அதன் மேலேயே வெறுங்காலுடன் ஆடுகின்றனர். எனவே பொறியைப் பேணுதல் என்பது பிள்ளைகளைப் பேணுதலே ஆகும். அது எவ்வாறு இயங்குகின்றது, ஏன் பழுதாகின்றது, எவ்வாறு பேணப்பட வேண்டும் என்பனவற்றை இங்கு காண்போம்.

புகையன்று, பனியே

ஐப்பசி, கார்த்திகை மாதத்துக் காலைவேளைகளில் றைன் நதியின் மேல் வெண்திரை போல மூடுபனி படர்ந்திருப்பதை டுசல்டோர்ஃப் வாழ் பிள்ளைகள் கண்டிருப்பீர்கள். ஈரப்பதம் மிக்க வளி குளிரும்போது அதிலுள்ள நீராவி நுண்துளிகளாக ஒடுங்குகின்றது. அதுவே மூடுபனி. மேடைப் பொறி செய்வதும் இதுவே. ஒரு திரவத்தை ஆவியாக்கி வெளியே தள்ளுகின்றது. அந்த ஆவி வெளிக் காற்றிற் பட்டுக் குளிர்ந்து நுண்துளிகளாகின்றது. ஜேர்மானியர் இதற்கு 'நேபல்மஷீனெ' எனப் பெயரிட்டனர். 'நேபல்' என்றால் மூடுபனி. நாம் புகை என்கின்றோம். உண்மையில் இங்கு எதுவும் எரிவதில்லை. எரிந்தால் அது பழுது என்று கொள்ள வேண்டும்.

இத்துளிகள் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டிய பருமன் உடையவை. இவ்வளவு சிறிய துளிகள் ஒளியைக் காட்டுவது எப்படி? ஊரிலே கிடுகு வேய்ந்த வீட்டின் கூரைத் துளை வழியாகச் சூரியக்கதிர் உள்ளே விழும்போது, அதில் தூசிகள் மிதப்பதைப் பெற்றோர்கள் பார்த்திருப்பீர்கள். தூசி இல்லாவிடின் அந்தக் கதிர் நம் கண்ணுக்குத் தெரியாது. ஒளி நேரே சென்றுவிடும். நம் பக்கம் திரும்பாது. இடையில் ஒரு துணிக்கை இருந்தால் மட்டுமே ஒளி சிதறி நம் கண்ணை வந்தடையும். இதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆராய்ந்த ஜோன் டிண்டல் என்னும் அறிஞரின் பெயரால் இது டிண்டல் விளைவு எனப்படுகின்றது. ஒளிச்சிதறலின் வேறொரு நுட்பத்தை 1928இல் கண்டறிந்து 1930இல் நோபல் பரிசு பெற்றவர் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சேர். சி. வி. இராமன் என்பதையும் மாணவர்கள் நினைவிற் கொள்க.

இப்பொறிகள் இரு வகைப்படும். திரள் திரளாக மேகம் போன்ற அடர்ந்த புகையைத் தருவது முதல் வகை. கண்ணுக்குப் புலப்படாத அளவு மெல்லியதாய், அரங்கு முழுவதும் சமமாகப் பரவும் மென்புகையைத் தருவது இரண்டாம் வகை. பின்னையது 'ஹேசர்' என விற்கப்படுகின்றது. அதில் ஒரு மின்விசிறி உண்டு. அது சிறிதளவு ஆவியை மிகுந்த காற்றுடன் கலந்து பரப்புகின்றது. மேகம் வேண்டுமாயின் முதல் வகை. ஒளிக்கதிர் தெரிய வேண்டுமாயின் இரண்டாம் வகை. ஒன்றன் வேலையை மற்றொன்றிடம் எதிர்பார்த்து அளவுக்கு மீறி இயக்குவதே பல தொல்லைகளுக்குத் தொடக்கமாகும்.

பழைய வழிகள்

மேடையிற் புகை எழுப்பும் வழக்கம் புதியதன்று. சாம்பிராணிப் புகை நம் கோயில்களிலும் கூத்துக்களங்களிலும் பழகிய ஒன்று. ஐரோப்பிய அரங்குகளில் நவச்சாரத்தைச் சூடாக்கி வெண்புகை எழுப்பினர். அது தொண்டையையும் கண்ணையும் எரித்தது. தமிழ்த் திரைப்படங்களில் தேவலோகக் காட்சிகளில் காலடியில் தவழும் வெண்புகைக்கு உலர்பனிக்கட்டி பயன்பட்டது. அது உறைந்த காபனீரொட்சைட்டு. அதன் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 78 பாகை செல்சியஸ். வெந்நீரில் இட்டவுடன் வாயுவாகி, வளியிலுள்ள ஈரத்தைப் பனியாக்கி நிலத்தோடு ஒட்டித் தவழும். அவ்வாயு வளியைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பாரமானது. தாழ்வான இடத்தில் தேங்கி மூச்சுத்திணறலை உண்டாக்க வல்லது. பெரியவரின் தலை மேலே இருக்கும். சிறு பிள்ளையின் தலையோ அந்த வாயுவின் மட்டத்துக்கு அருகில் இருக்கும். ஆகவே காற்றோட்டமில்லாத மண்டபத்தில் பிள்ளைகளின் நிகழ்ச்சிக்கு உலர்பனிக்கட்டியைத் தவிர்ப்பதே நன்று.

தமிழ் நாடக மேடையில் தந்திரக் காட்சிகளுக்குப் பேர்பெற்றவர் ஆர். எஸ். மனோகர் (1925–2006). அவரது 'இலங்கேஸ்வரன்' போன்ற புராண நாடகங்களின் மேடையமைப்பைப் பெற்றோருட் பலர் இன்றும் நினைவுகூர்வர். அத்தகைய காட்சிகளின் பின்னால் பொறிகளை அறிந்து பேணிய தொழிலாளர் பலர் இருந்தனர். அவர்கள் பெயரை எவரும் அறியார்.

நாம் இன்று பயன்படுத்தும் முறை, அதாவது நீருடன் கலந்த கிளைகோல் திரவத்தைச் சூடாக்கிப் பனியாக்கும் முறை, வடஜேர்மனியுடன் தொடர்புடையது. ஹம்பூர்க் பகுதியைச் சேர்ந்த குந்தர் ஷைட் என்பவர் இதை உருவாக்கியோருள் முக்கியமானவர். நச்சுத்தன்மையற்ற திரவத்தை உருவாக்கியமைக்காக 1980களில் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் தொழில்நுட்ப விருதும் அவருக்குக் கிடைத்தது.

பொறியின் உள்ளமைப்பு

பெட்டியினுள் இருப்பவை ஐந்து உறுப்புகளே. முதலாவது, திரவக் கலம். இரண்டாவது, திரவத்தை உறிஞ்சும் பம்பி. அதன் உறிஞ்சு குழாயின் நுனியில் தூசியைத் தடுக்கும் சிறு வடி இருக்கும். மூன்றாவது, வெப்பக் கட்டை. உலோகக் கட்டை ஒன்றினுள் மெல்லிய குழாய் சுற்றிச் சுற்றிச் செல்லும். மின்சாரம் அதைச் சூடாக்கும். நான்காவது, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட்டும், அது தவறினால் மின்னைத் துண்டிக்கும் வெப்ப உருகியும். ஐந்தாவது, ஆவி வெளியேறும் மூக்கு.

நீர் 100 பாகையில் கொதிக்கும். திரவத்திலுள்ள புறொப்பிலீன் கிளைகோல் 188 பாகையிலும், கிளிசரின் ஏறத்தாழ 290 பாகையிலும் கொதிக்கும். எனவே வெப்பக் கட்டை 200 பாகைக்கு மேல் சூடாக வேண்டியுள்ளது. ஆளியைப் போட்டவுடன் புகை வராததன் காரணம் இதுவே. கட்டை போதிய சூட்டை அடையும் வரை தேர்மோஸ்டாட் பம்பியை இயங்கவிடாது. சூடானதும் சிறு விளக்கு எரியும். விளக்கு எரியுமுன் அவசரப்பட்டுப் பொறியைத் தட்டுவதும் குலுக்குவதும் வீண்.

எண்ணெயிலிருந்து மென்புகை தரும் பொறிகளும் உள. அவற்றில் வெப்பக் கட்டை இல்லை. அழுத்திய காற்று எண்ணெயை நுண்துளிகளாக உடைக்கின்றது. எண்ணெய்த் திரவத்தை வெப்பக் கட்டை உள்ள பொறியில் ஒருபோதும் ஊற்றலாகாது. தீப்பற்றும் ஆபத்து உண்டு.

எதை ஊற்றுவது?

பொறியைத் தயாரித்தவர் குறிப்பிட்ட திரவத்தை மட்டுமே ஊற்ற வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பது தவறு. கிளைகோல் என்பது ஒரு குடும்பப் பெயர். அக்குடும்பத்தில் புறொப்பிலீன் கிளைகோல் மருந்திலும் உணவிலும் அளவோடு அனுமதிக்கப்படுவது. அதன் உறவினரான எதிலீன் கிளைகோல் கார்களின் குளிர்காப்புத் திரவத்தில் உள்ள நஞ்சு. டைஎதிலீன் கிளைகோலும் நஞ்சே. மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே நிறமற்றவை; நாவுக்கு இனிப்பவை. 1985இல் ஒஸ்திரிய வைனில் டைஎதிலீன் கிளைகோல் கலக்கப்பட்டமை கண்டுபிடிக்கப்பட்டு இந்நாடு முழுவதும் பேசப்பட்டதை இங்கு நெடுங்காலம் வாழும் பெற்றோர்கள் அறிவர். 2022இல் ஆபிரிக்காவின் காம்பியா நாட்டில் இவ்விரு நச்சுப் பொருள்களும் கலந்த இருமல் மருந்தைப் பருகிய 60க்கு மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தனர். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் பொருளும் ஒன்றென எண்ணலாகாது. சீட்டு ஒட்டப்படாத கொள்கலனில் மலிவாகக் கிடைக்கும் திரவத்தை வாங்கவே வேண்டாம்.

மூலத் திரவத்துடன் நீர் கலக்குமாறு கையேடு கூறினால், காய்ச்சி வடித்த நீரையே கலக்க வேண்டும். 'டெஸ்டிலியெர்டெஸ் வாசர்' என்னும் பெயரில் அது பேரங்காடிகளிற் கிடைக்கும். குழாய் நீர் ஏன் ஆகாது? உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைப் பாருங்கள். வெண்மையாகப் படிந்திருப்பது சுண்ணாம்பு. கேத்திலின் அகன்ற வயிற்றிலேயே அவ்வளவு படியுமாயின், ஊசி போன்ற குழாயில் என்ன ஆகும் என எண்ணிப் பாருங்கள். வாசனைத் திரவியமும் சாயமும் கலக்கவே கூடாது. புகைக்கு நிறம் விளக்கிலிருந்து வர வேண்டும், திரவத்திலிருந்து அல்ல.

மிஞ்சிய திரவத்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. இது பெருந்தவறு. விழா நாளில் தாகத்துடன் ஓடிவரும் பிள்ளை அதைத் தண்ணீர் என்றே எண்ணும். தவறிப் பருகிவிட்டால் பொன் பல்கலைக்கழக மருத்துவமனையின் நஞ்சுத் தகவல் நிலையத்தை 0228 19240 என்னும் இலக்கத்தில் எந்நேரமும் அழைக்கலாம். மயக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே 112ஐ அழைக்க வேண்டும். திரவத்தின் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுக.

பழுதுகளும் அவற்றின் காரணங்களும்

மருத்துவர் நாடி பார்ப்பதுபோலப் பொறியின் ஓசை, மணம், விளக்கு ஆகிய மூன்றையும் கவனித்தாற் பழுது எங்குள்ளது என்பதைப் பெரும்பாலும் அறியலாம்.

பம்பி இரைகின்றது, ஆனால் புகை வரவில்லை: முதலில் கலத்தில் திரவம் உண்டா எனப் பார்க்க. அடுத்து உறிஞ்சு குழாயின் வடி அடைத்துள்ளதா, குழாய் மடிந்துள்ளதா, இணைப்பில் காற்றுப் புகுகின்றதா எனப் பார்க்க. இவை யாவும் சரியாக இருந்தால் வெப்பக் கட்டையின் குழாய் அடைபட்டிருக்கின்றது எனக் கொள்ளலாம். திரவமின்றிப் பம்பியை ஓடவிட்டால் பம்பி பழுதாகும்.

விளக்கு எரிகின்றது, ஆனால் பம்பி ஓசையே இல்லை: கைக்கட்டுப்பாட்டுக் கருவியின் இணைப்பு வடம் சரியாகச் செருகப்பட்டுள்ளதா எனப் பார்க்க. அதற்கு மேற்பட்டது மின்தொழில் அறிந்தவரின் வேலை.

நெடுநேரமாகியும் விளக்கு எரியவில்லை, கட்டையும் சூடாகவில்லை: பெட்டியின் வெளிப்புறத்து உருகி, சூடாக்கும் கம்பி, தேர்மோஸ்டாட், வெப்ப உருகி ஆகியவற்றுள் ஒன்று செயலிழந்துள்ளது. வெப்ப உருகி அறுந்திருந்தால் அது ஏன் அறுந்தது என்பதையே முதலில் ஆராய வேண்டும். அதைத் தவிர்த்துக் கம்பியால் நேரே இணைத்துவிட்டுப் "பொறி ஓடுகிறது" என மகிழ்வோர் உளர். அவர்கள் காவற்காரனை அனுப்பிவிட்டுக் கதவையும் திறந்து வைத்தவர்களுக்கு ஒப்பாவர்.

பொறி துளிகளைத் துப்புகின்றது: கட்டை போதிய சூடு பெறவில்லை, அல்லது குழாய் பாதி அடைபட்டுள்ளது, அல்லது திரவம் பொருத்தமற்றது. நம் மயிற் சிறுமி விழுந்தது இதனாலேயே. உடனே நிறுத்துக. தரையைத் துடைத்து உலர்த்திய பின்னரே அடுத்த நிகழ்ச்சி மேடையேற வேண்டும்.

கருகிய மணம் வீசுகின்றது: தேர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு வெப்பம் அளவு கடந்துள்ளது. கிளிசரின் அளவுக்கு மீறிச் சூடானால் அக்குரோலீன் என்னும் பொருள் உண்டாகின்றது. வாணலியில் எண்ணெய் கருகும்போது அம்மாவின் கண்ணைக் கரிக்கச் செய்வதும் அதே பொருள்தான். இந்நிலையில் ஒரு நொடியும் தாமதியாது மின்னிணைப்பைத் துண்டித்து, கதவு சாளரங்களைத் திறந்துவிட வேண்டும்.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இப்பெட்டியை நீங்கள் திறக்கலாகாது. உள்ளே 230 வோல்ற்று மின்சாரமும் 200 பாகைக்கு மேற்பட்ட வெப்பமும் உள. செருகியைக் கழற்றிய பின்னரும் கட்டை நெடுநேரம் சூடாகவே இருக்கும். பெரியவர்களும் மின்தொழில் அறியாதவராயின் வெளிப்புறத் துப்புரவோடு நிறுத்திக்கொள்க. மின் உறுப்புகளைப் பழுதுபார்த்த பொறியைத் தகுதி பெற்றவர் பரிசோதித்த பின்னரே மேடையில் வைக்க வேண்டும். பரிசோதனைச் சீட்டு ஒட்டப்பட்டுள்ளதா என மண்டபத்தார் கேட்பதும் உண்டு.

துப்புரவு செய்யும் முறை

ஏறத்தாழ 40 மணிநேர இயக்கத்துக்கு ஒருமுறை துப்புரவு செய்யுமாறு பல கையேடுகள் கூறுகின்றன. ஆண்டில் ஓரிரு நாள்கள் மட்டும் இயங்கும் நமது பொறிக்கு மணிக்கணக்கு முக்கியமன்று. ஓடித் தேயும் பொறியைவிட ஓடாது காயும் பொறியே விரைவில் அடைபடும். ஆகவே ஒவ்வொரு விழாவின் பின்னரும் துப்புரவு செய்வதே நமக்கு விதி.

பிள்ளைகள் இல்லாத, காற்றோட்டமுள்ள வெளியிடத்தில் பொறியை வைக்க. எஞ்சிய திரவத்தை வெளியேற்றுக. அதைப் புதிய திரவத்துடன் சேர்க்க வேண்டாம். தயாரித்தவரின் துப்புரவுத் திரவம் இருந்தால் அதையே பயன்படுத்துக. இல்லையேல், கையேடு தடை செய்யாதவிடத்து, காய்ச்சி வடித்த நீர் நான்கு பங்கும் வெள்ளை வினாகிரி ஒரு பங்கும் கலந்து கலத்தில் ஊற்றுக. வினாகிரி சுண்ணாம்பைக் கரைக்கும். பொறியைச் சூடாக்கிச் சில செக்கன்கள் இயக்குக, சில நிமிடங்கள் நிறுத்துக, மீண்டும் இயக்குக. ஆவி தடையின்றிச் சீராக வரும்வரை இவ்வாறு செய்க. பின்னர் வெறும் வடிநீரை அதே முறையிற் செலுத்தி வினாகிரியை வெளியேற்றுக.

மின்னிணைப்பைத் துண்டித்து, பொறி முற்றாக ஆறிய பின் மூக்கையும் வெளிப்புறத்தையும் ஈரத் துணியால் துடைக்க. மூக்கின் துளையில் கம்பியைச் செலுத்திக் குடைய வேண்டாம். துளை அகன்றால் துளி பெரிதாகும். ஹேசர் ஆயின் மின்விசிறியின் வலையிற் படிந்த தூசியை மென்தூரிகையால் அகற்றுக. கலத்தை வெறுமையாக்கி, உலர்ந்த இடத்தில் நேராக வைக்க. துப்புரவு செய்த திகதியைப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டுக. அடுத்த ஆண்டு பொறுப்பேற்பவர் வேறொருவராக இருக்கலாம். அச்சிறு சீட்டே நாம் அவருக்கு விட்டுச் செல்லும் கடிதம்.

இவ்வளவு செய்தும் அடைப்பு நீங்காவிடின் வெப்பக் கட்டையை மாற்ற வேண்டும். மலிவான பொறியாயின் அச்செலவில் புதியதே வாங்கிவிடலாம். பழையதைக் குப்பையில் எறியாது, மின்கழிவுகளை ஏற்கும் நகரத்து றிசைக்கிளிங்ஹோஃப் நிலையத்தில் ஒப்படைக்க.

பிள்ளைகளின் மூச்சு

"நச்சற்றது" என்று சீட்டில் எழுதியிருப்பதால் எவ்வளவும் சுவாசிக்கலாம் என்பது பொருளன்று. 2000ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் புறோட்வே அரங்குகளின் நடிகர்களிடையே ஒரு விரிவான ஆய்வு நடத்தப்பட்டது. அடர்ந்த கிளைகோல் பனியில் நின்றோர்க்குக் கண், மூக்கு, தொண்டை ஆகியவற்றில் எரிச்சல் ஏற்படுவது தெரியவந்தது. ஒரு கன மீற்றர் வளியில் 40 மில்லிகிராம் என்னும் உச்ச அளவைத் தாண்டலாகாது என அவ்வாய்வு பரிந்துரைத்தது. 2005இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இத்தகைய புகை பயன்படும் இடங்களிற் பணிபுரியும் 101 பேரைப் பரிசோதித்தனர். பொறிக்கு அருகில் நின்று பணிபுரிந்தோரின் சுவாச இயக்கம் குறைந்திருந்ததைக் கண்டனர். இருமலும் தொண்டை வறட்சியும் காணப்பட்டன.

அவை வளர்ந்தோரைப் பற்றிய ஆய்வுகள். நமது மேடையில் நிற்பவர்களோ ஐந்து வயது மழலைகள். அவர்களுள் ஆஸ்த்துமா உள்ளவர்களும் இருக்கலாம். வளியை அளக்கும் கருவி நம்மிடம் இல்லை. ஆனால் எளிய அளவுகோல் ஒன்று உண்டு. மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து பார்க்கும் தாய்க்கு மேடையில் உள்ள தன் பிள்ளையின் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிடின் புகை மிகுதி என்று கொள்க. பொறியின் மூக்கைப் பிள்ளைகளின் பக்கம் திருப்பாது, சில மீற்றர் தள்ளி வைக்க. மழலைகளின் நிகழ்ச்சிக்குப் புகையே வேண்டாம். பெரிய மாணவரின் ஓரிரு காட்சிகளோடு நிறுத்தி, இடைவேளையிற் கதவுகளைத் திறந்துவிடுக. புகை பயன்படுத்தப்படும் என்பதை முன்னதாகவே பெற்றோருக்கு எழுத்தில் அறிவித்தால், மூச்சுத் தொல்லை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் ஆசிரியரிடம் கூற வாய்ப்பு ஏற்படும்.

மண்டபமும் தீயறி கருவியும்

இறுதியாக ஒன்று. இது டுசல்டோர்ஃப் மாநகரில் வாழும் எவரும் மறக்கலாகாத செய்தி. 1996ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் திகதி இந்நகரின் விமான நிலையத்தில் தீ மூண்டது. மேலே நடைபெற்ற உருக்கி ஒட்டும் வேலையிலிருந்து தெறித்த நெருப்பு, கூரையினுள் இருந்த வெப்பக்காப்புப் பொருளைப் பற்றிற்று. 17 பேர் உயிரிழந்தனர். அவர்களைக் கொன்றது நச்சுப்புகையே. கட்டடங்களின் தீப்பாதுகாப்புக் குறித்து ஜேர்மனி முழுவதும் மறுசிந்தனைக்கு அத்துயரம் காரணமாயிற்று.

மண்டபத்தின் கூரையில் பொருத்தப்பட்டுள்ள ஒளியியற் புகையறி கருவியினுள் ஒரு சிறு ஒளிக்கதிரும், அதன் நேர்ப்பாதைக்கு விலகி ஓர் ஒளியுணரியும் உண்டு. தூய வளியில் ஒளி நேரே சென்றுவிடும்; உணரி எதையும் காணாது. புகைத் துணிக்கை உட்புகுந்தால் ஒளி சிதறி உணரியைச் சேரும், எச்சரிக்கை ஒலிக்கும். மேடையில் ஒளிக்கதிரை நமக்குக் காட்டிய அதே டிண்டல் விளைவுதான் இங்கும் செயற்படுகின்றது. நமது அழகுப் பனியையும் ஆளைக் கொல்லும் புகையையும் அக்கருவி வேறுபடுத்தி அறியாது. இரண்டுக்கும் ஒலிக்கும். தீயணைப்புப் படையினர் வருவர், விழா குலையும், செலவும் நம்மிடம் அறவிடப்படலாம்.

இதற்கு அஞ்சிக் கருவியைத் துணியாலோ உறையாலோ மூடுவது அதைவிடப் பெருந்தவறு. உண்மையாகவே தீ மூண்டால் நூற்றுக்கணக்கானோர் கூடியிருக்கும் மண்டபத்தில் அதை யார் அறிவிப்பர்? மேடைப் புகைக்குப் பழகிய கண்கள் உண்மைப் புகையைக் கண்டும் "இதுவும் காட்சியே" என்று இருந்துவிடக் கூடும். எனவே மண்டபத்தை ஒப்பந்தம் செய்யும்போதே புகைப் பொறி பயன்படுத்த இருப்பதை எழுத்தில் அறிவித்து அனுமதி பெறுக. ஹவுஸ்மைஸ்டர் என்று நாம் அழைக்கும் மண்டபப் பொறுப்பாளரும் மண்டபத்தாரும் தீயணைப்புத் துறையுடன் பேசி வேண்டிய ஒழுங்குகளைச் செய்வர். கருவிகளின் ஒரு பகுதியை அவர்கள் நிறுத்தி வைத்தால், அந்நேரத்துக்கு மனிதர் காவல் நிற்பர். அனுமதி மறுக்கப்பட்டால் முகம் சுளியாது ஏற்றுக்கொள்க. புகையின்றியும் மயில் ஆடும்.

விழாவுக்கு முன்னர் கவனிக்க வேண்டியவை

1. விழாவுக்கு ஒரு வாரம் முன்னதாகவே வெளியிடத்தில் பொறியை இயக்கிப் பார்த்தல்.
2. திரவத்தின் சீட்டையும் காலாவதித் திகதியையும் பார்த்தல்.
3. மண்டபத்தாரின் எழுத்து மூல அனுமதியைக் கையில் வைத்திருத்தல்.
4. பொறிக்கெனப் பொறுப்பான பெரியவர் ஒருவரை நியமித்தல். அவர் பொறியை விட்டு அகலாதிருத்தல்.
5. ஒவ்வொரு புகைக் காட்சிக்குப் பின்னும் மேடைத் தரையைக் கையால் தொட்டுப் பார்த்தல், ஈரமாயின் துடைத்தல்.
6. விழா முடிந்த அந்த வாரத்திலேயே துப்புரவு செய்து, திகதி எழுதி வைத்தல்.

மாணவர்களே! மேடையில் நிற்போர்க்கு மட்டுமே கைதட்டல் கிடைக்கும். ஆனால் மேடைக்குப் பின்னால் நிற்பதும் ஒரு கலையே. ஜேர்மனியில் 1998 முதல் நிகழ்ச்சித் தொழில்நுட்பம் முறையான தொழிற்பயிற்சியாக அங்கீகரிக்கப்பட்டுள்ளது. ஒளி, ஒலி, மின்சாரம், பாதுகாப்பு ஆகிய அனைத்தையும் மூன்று ஆண்டுகள் கற்று, அரங்குகளிலும் இசை நிகழ்ச்சிகளிலும் பணிபுரியலாம். பௌதிகமும் இரசாயனமும் பிடித்த பிள்ளைகள் இத்துறையையும் நினைவில் வைத்திருங்கள்.

அன்று சறுக்கி விழுந்த மயிற் சிறுமி இன்று வளர்ந்த மாணவி. இவ்வாண்டு விழாவுக்கு ஒரு வாரம் முன்னர் அவளும் என்னுடன் வந்து பொறியைச் சோதித்தாள். பெட்டியின் மேல் திகதியை எழுதி ஒட்டியதும் அவளே. நமது விழாக்கள் ஆண்டுதோறும் சிறக்க, மேடைக்கு முன்னும் பின்னும் நிற்கும் அனைவரும் நலமுடன் வாழ்க!